தெளிப்பான் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூங்காவை ஏன் தோண்டுகிறார்கள்?

பொதுப் பூங்கா ஒன்றின் வாயிலில் 'பாசனக் குழாய்கள் மாற்றப்படுவதால் இப்பகுதி சில மாதங்களுக்கு மூடப்பட்டிருக்கும்' என்ற பலகை தொங்கத் தொடங்கினால், அன்றாடம் அங்கே நடக்க வருபவர்களுக்கு இரண்டு ஐயங்கள் எழுவது இயல்பு. நேற்று மாலைவரை தெளிப்பான்கள் சுற்றிக்கொண்டுதானே இருந்தன என்பது ஒன்று. பழுதான தெளிப்பான்களை மட்டும் கழற்றி மாற்றிவிட்டுப் போகாமல் புல்தரைக்குக் குறுக்கே பள்ளம் வெட்டுவானேன் என்பது மற்றொன்று. இரண்டும் நியாயமான கேள்விகளே. விடை காண வேண்டுமானால், மண்ணுக்கு மேலே கண்ணில் படும் தெளிப்பானைச் சற்று மறந்துவிட்டு, தண்ணீர் பூங்காவுக்குள் நுழையும் இடத்திலிருந்து அதன் பின்னாலேயே நடந்துவர வேண்டும்.

தண்ணீர் கடந்துவரும் பாதை

பூங்காவின் பாசன அமைப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அதன் உறுப்புகள் சிலவே. அவை இந்த வரிசையில் அமைகின்றன.

1. நீர் ஆதாரம்: குடிநீர் இணைப்பு, கிணறு, குளம், சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீர் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ.

2. பம்பும் வடிகட்டியும்: தேவையான அழுத்தத்தைத் தருவது முன்னது, மணலையும் பாசியையும் தடுப்பது பின்னது.

3. முதன்மைக் குழாய்: பாசனம் நடக்காத நேரத்திலும் அழுத்தத்துடன் தண்ணீர் நிறைந்தே இருக்கும் குழாய். இந்த ஒரு தன்மையை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பல செய்திகள் எளிதில் விளங்கும்.

4. பிரிவு வால்வுகள்: பூங்கா முழுவதற்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் விடும் அளவுக்கு எந்தப் பம்பும் போதாது. ஆகவே நிலத்தைப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் திறப்பார்கள். தானியங்கி அமைப்புகளில் இவை 'சோலினாய்டு' எனப்படும் மின்காந்த வால்வுகளாக இருக்கும்.

5. கிளைக் குழாய்கள்: வால்வு திறந்திருக்கும்போது மட்டும் அழுத்தம் பெறுபவை.

6. தெளிப்பான்கள் அல்லது சொட்டுவான்கள்: தண்ணீரை மண்ணில் சேர்ப்பவை.

7. கட்டுப்பாட்டுக் கருவி: எந்த வால்வு எப்போது, எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது.

பார்வையாளர் காண்பது ஆறாவதை மட்டுமே. புதுப்பித்தல் பற்றிய செய்திகளில் பெருமையுடன் பேசப்படுவது பெரும்பாலும் ஏழாவது. முதுமையோ மூன்றிலும் நான்கிலும் ஐந்திலும்தான் குடியிருக்கிறது.

குழாய்க்குள் நடப்பது

பழைய பூங்காக்கள் பலவற்றில் முதலில் பதிக்கப்பட்டவை ஜி.ஐ. குழாய்கள், அதாவது துத்தநாகப் பூச்சு பூசிய இரும்புக் குழாய்கள். பூச்சு கரைந்து தீரும்வரை இரும்பு பாதுகாப்பாக இருக்கும்; தீர்ந்தபின் உட்சுவரில் துரு கட்டத் தொடங்கும். பல்லாண்டுகள் மண்ணுக்குள் கிடந்த சிறிய குழாய் ஒன்றைக் குறுக்கே அறுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வெளிப்புறம் ஓரளவு ஒழுங்காகவே தெரியும். உள்ளே செம்பழுப்பு நிறத்தில், கறையான் புற்றின் உட்புறத்தைப் போல, மேடும் குழியுமாகத் துருக் கட்டிகள் அடர்ந்திருக்கும். நடுவில் எஞ்சிய துளையில் சுண்டுவிரல் நுழைவதே கடினமாக இருக்கலாம்.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 50 மி.மீ. உள்விட்டம் கொண்ட குழாயில் சுற்றிலும் 5 மி.மீ. துரு படிந்தால் விட்டம் 40 மி.மீ. ஆகிவிடும். விட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்ததால் ஓட்டமும் அதே அளவு குறையும் என்று தோன்றும். ஆனால் குழாய் ஓட்டத்தைக் கணக்கிடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தின்படி, அழுத்த இழப்பு மாறாதிருக்கையில் ஓட்டம் விட்டத்தின் 2.63-ஆம் அடுக்கைப் பொறுத்து மாறுகிறது. எனவே கிடைப்பது முன்பிருந்ததில் சுமார் 56 விழுக்காடு மட்டுமே. துருவின் சொரசொரப்பு வேறு இருக்கிறது. அதே சூத்திரத்தில் புதிய இரும்புக்கு 130 என்று கொள்ளப்படும் வழவழப்பு எண், துருவேறிய பழைய குழாய்க்கு 100 ஆகவோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். 100 என்றே வைத்துக்கொண்டாலும் ஓட்டம் சுமார் 43 விழுக்காட்டுக்கு வந்துவிடுகிறது. எங்கும் ஒரு சொட்டுக்கூடக் கசியாமலேயே பாதிக்கு மேற்பட்ட திறன் போய்விட்டது என்பதே இதன் பொருள்.

பிற்காலத்தில் பதித்த பி.வி.சி. குழாய் துருப்பிடிக்காது. அதன் தொல்லைகள் வேறு வகையானவை. வெயில் படும் இடத்தில் அது நொறுங்கும் தன்மை பெறுகிறது. பசை வைத்து ஒட்டிய இணைப்புகள் மண் அசையும்போது விடுபடுகின்றன. மரவேர் பருக்கப் பருக்கக் குழாயை வளைத்து முறிக்கிறது. சில பூங்காக்களில் கல்நார் சிமென்ட் குழாய்களும் கிடக்கின்றன. இவற்றை அறுத்தால் நுரையீரலுக்குக் கேடான இழைகள் பறக்கும் என்பதால், பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு முறைப்படி அகற்ற வேண்டும், அல்லது தொடாமல் மண்ணிலேயே விட்டுவிட்டு வேறு பாதையில் புதுக் குழாய் பதிக்க வேண்டும். பணி திடீரென நின்றுபோவதற்குச் சில இடங்களில் இதுவும் ஒரு காரணம்.

கசிவை எப்படி அறிகிறார்கள்?

பிரிவு வால்வுகள் அனைத்தையும் மூடிவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத இரவில் மீட்டரைப் பார்ப்பதே மிக எளிய சோதனை. யாரும் தண்ணீர் எடுக்கவில்லை. ஆனாலும் முகப்பிலுள்ள சிறு சக்கரம் மெல்லச் சுழன்றுகொண்டிருக்கிறது என்றால், முதன்மைக் குழாய் எங்கோ ஒழுகுகிறது அல்லது ஏதோ ஒரு வால்வு முழுதாக மூடவில்லை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் என்பது கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாத ஒழுக்கு. ஆனால் முதன்மைக் குழாயில் அழுத்தம் இரவும் பகலும் இருப்பதால் அது நாளொன்றுக்கு 1,440 லிட்டர், ஆண்டுக்கு 5,25,600 லிட்டர்.

ஈரம் கண்ட இடமெல்லாம் கசிவு என்றும் முடிவு கட்டிவிடக் கூடாது. சரிவான நிலத்தில் வால்வு மூடியபிறகு, மேட்டிலுள்ள கிளைக் குழாயில் தங்கிய தண்ணீர் முழுவதும் வடிந்து, மிகத் தாழ்வாக இருக்கும் தெளிப்பானின் வழியே வெளியேறும். அந்த ஒரு தெளிப்பானைச் சுற்றி மட்டும் எப்போதும் சேறாக இருப்பதைப் பார்த்துவிட்டு அதை மூன்று முறை மாற்றியவர்கள் உண்டு. தேவைப்பட்டதெல்லாம் அதன் அடியில் வைக்கும் ஒரு தடுப்பு வால்வுதான்.

அழுத்தத்தைக் கூட்டினால் போதாதா?

தெளிப்பான் தூரம் எட்டவில்லை என்றதும் பெரிய பம்பு வைக்கலாம் என்ற யோசனை உடனே முன்வைக்கப்படுகிறது. பழைய அமைப்பில் இதைவிடக் கெடுதலான முதற்படி வேறில்லை என்றே சொல்லலாம். காரணங்கள்:

1. கசிவும் அழுத்தத்தோடு சேர்ந்து வளர்கிறது. இரும்புக் குழாயில் விழுந்த உருமாறாத ஓட்டையில், அழுத்தம் இரண்டு மடங்கானால் கசிவு சுமார் 1.4 மடங்காகும். பிளாஸ்டிக் குழாயின் நீளவாட்டு வெடிப்பு அழுத்தம் கூடக்கூட வாய் விரிவதால், அங்கே கசிவு 2.8 மடங்கு அளவுக்கும் போகக்கூடும்.

2. ஒவ்வொரு தெளிப்பானுக்கும் உரிய அழுத்தம் ஒன்று உண்டு. நிலையாக விசிறும் சிறிய தெளிப்பான்களுக்கு அது சுமார் 2 பார். (1 பார் என்பது ஏறத்தாழ 10 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தம்.) அதை மிஞ்சினால் துளிகள் பனிப்புகைபோல் நுணுகி, வந்த காற்றோடு போய்விடும். குறைந்தாலோ தண்ணீர் வளையமாக விழுந்து, நடுப்பகுதி காயும்.

3. நீர் மோதல். குழாயில் விரைந்துவரும் தண்ணீரைத் திடீரென நிறுத்தினால் அதன் வேகம் அழுத்த அலையாக மாறிக் குழாயைத் தாக்கும். நொடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் வரும் நீர் இரும்புக் குழாயில் சட்டென நின்றால் எழும் கூடுதல் அழுத்தம் சுமார் 18 பார், பி.வி.சி. குழாய் சற்று விரிந்துகொடுப்பதால் அதில் சுமார் 6 பார். வேகம் 1.5 மீட்டரைத் தாண்டாதபடி குழாயின் அளவைத் தேர்ந்தெடுப்பது வடிவமைப்பாளர்களின் வழக்கம். பெரிய பம்பு இந்த வரம்பைத்தான் முதலில் உடைக்கிறது.

ஓரிடத்தில் பழுது பார்த்தால் அடுத்த வாரம் வேறோர் இடத்தில் குழாய் வெடிப்பதும், உடனே பழுது பார்த்தவரின் வேலை சரியில்லை என்று பழி விழுவதும் வாடிக்கை. அவர் வேலை நன்றாக இருந்ததால்கூட அது நிகழ்ந்திருக்கலாம். ஒழுகிக்கொண்டிருந்த இடம் அடைபட்டதும் அந்தத் தடத்தில் அழுத்தம் உயர்கிறது. அடுத்து எந்த இணைப்பு நலிந்திருக்கிறதோ அது விட்டுக்கொடுக்கிறது. ஒரே வயதுக் குழாய்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தளர்வதால், ஒரு கட்டத்துக்குமேல் ஒட்டுவேலையைவிட மொத்தமாக மாற்றுவதே சிக்கனமாகிவிடுகிறது.

பதினாறு டப்பாக்களும் ஒரு வகுத்தலும்

புல்தரைப் பாசனத்தின் தரத்தை அளக்க விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. நேரான சுவருள்ள ஒரே அளவு டப்பாக்களைச் சம இடைவெளியில் பரப்பி, 15 நிமிடம் தண்ணீர் விட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லிமீட்டர் சேர்ந்திருக்கிறது என்று அளவுகோலால் பார்த்தால் போதும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. தண்ணீர் என்பது சரியாக 1 லிட்டர். குறைவாகச் சேர்ந்த கால் பங்கு டப்பாக்களின் சராசரியை மொத்தச் சராசரியால் வகுத்தால் வருவது பகிர்வுச் சீர்மை. எல்லா இடத்திலும் ஒரே அளவு விழுந்தால் அது 1 ஆக இருக்கும். நடைமுறையில் அப்படி ஒருபோதும் அமைவதில்லை.

எடுத்துக்காட்டாக, 16 டப்பாக்களின் சராசரி 8 மி.மீ. என்றும், மிகக் குறைவான நான்கின் சராசரி 4 மி.மீ. என்றும் கொள்வோம். சீர்மை 0.5. தோட்டக்காரர் சராசரியைப் பார்த்து வேலை செய்வதில்லை. மஞ்சளாகிக் காயும் மூலையைப் பார்த்துத்தான் நேரத்தைக் கூட்டுகிறார். அந்த மூலைக்கும் 8 மி.மீ. கிடைக்க வேண்டுமானால் 30 நிமிடம் விட வேண்டும். அப்போது மொத்தச் சராசரி 16 மி.மீ. ஆகிறது. ஒரு ஹெக்டேருக்கு 1,60,000 லிட்டர்.

குழாய், அழுத்தம், தெளிப்பான்களின் இடைவெளி ஆகியவற்றைச் சரிசெய்து சீர்மையை 0.75-க்கு உயர்த்தினால், வறண்ட கால் பகுதியிலேயே 15 நிமிடத்தில் 6 மி.மீ. சேரும், 8 மி.மீ. சேர 20 நிமிடம் போதும். தேவை ஹெக்டேருக்குச் சுமார் 1,07,000 லிட்டராக இறங்குகிறது. மூன்றில் ஒரு பங்கு மிச்சம். இதில் கணினியோ உணரியோ கைபேசிச் செயலியோ எதுவும் பங்கேற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சீர்மை குலைவதற்கு முக்கியமான காரணம் இடைவெளி. ஒரு தெளிப்பானின் நீர் அடுத்த தெளிப்பானின் காலடிவரை எட்ட வேண்டும் என்பது அடிப்படை விதி. முதலில் அப்படித்தான் அமைத்திருப்பார்கள். பிறகு அழுத்தம் குறைந்து வீச்சு சுருங்கும். நடுவில் ஒரு புதர் வளர்ந்து மறைக்கும். உடைந்த முனைக்குப் பதிலாகக் கையில் அகப்பட்ட வேறோர் அளவு முனையை யாரோ பொருத்தியிருப்பார்கள். முப்பது ஆண்டுகளில் ஒரே தடத்தில் நான்கு வகை முனைகள் சேர்ந்துவிடுவது வியப்பன்று.

மண் குடிக்கும் வேகம்

எவ்வளவு தண்ணீர் என்பதைப் போலவே எவ்வளவு வேகமாக என்பதும் முக்கியம். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 15 நிமிடத்துக்கு 8 மி.மீ. என்றால் மணிக்கு 32 மி.மீ. நிலையாக விசிறும் தெளிப்பான்களுக்கு இது இயல்பான வேகமே. மணற்பாங்கான மண் இதை உள்வாங்கிக்கொள்ளும். களிமண்ணோ மணிக்கு 1 முதல் 5 மி.மீ.தான் குடிக்கும், மீதி நடைபாதையில் ஓடும். ஓடும் தண்ணீரைப் பார்த்து வீணடிப்பு என்று கோபப்படுபவர் சரியாகத்தான் பார்க்கிறார். ஆனால் அங்கே பெரும்பாலும் பிழை அளவில் இல்லை. ஒரே மூச்சில் ஊற்றியதில் இருக்கிறது. இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. மெல்லச் சுழன்று மணிக்கு 10 மி.மீ. அளவில் மட்டும் பொழியும் பல்கதிர் முனைகளுக்கு மாறுவது ஒன்று. மொத்த நேரத்தைத் துண்டுகளாக்கி, இடையிடையே மண் உறிஞ்சிக்கொள்ள விடுவது மற்றொன்று.

அன்றாடத் தேவையைக் கணக்கிடும் முறை நன்கு வகுக்கப்பட்டுள்ளது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் ஆகியவற்றைக்கொண்டு, சீராக வெட்டப்பட்ட புல்தரை ஒரு நாளில் இழக்கும் நீரை மி.மீ. அளவில் கண்டறிகிறார்கள். மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியே வெளியேறுவதும் சேர்ந்த இதற்கு ஆவியுயிர்ப்பு என்று பெயர். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1998-இல் வெளியிட்ட பென்மன்–மான்டீத் கணக்கு முறையே இன்றும் அளவுகோலாக உள்ளது. அந்த எண்ணைச் செடியின் வகைக்குரிய காரணியால் பெருக்கினால் தேவை கிடைக்கும்.

பழைய குறைகளுக்குப் பழகிவிட்ட மரங்கள்

புதுப்பித்தலில் பொறியாளர்கள் அடிக்கடி தவறவிடும் பகுதி இது. ஆகவே சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாற்பது ஆண்டுகளாக ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தால், அந்த ஈரத்தைத் தேடி வேர்கள் வந்திருக்கும். பூங்காவிலேயே செழிப்பான மரம் அந்த ஒழுக்கின் பக்கத்தில் நிற்பதாக இருக்கலாம். கசிவை அடைத்துவிட்டு, அதனால் இழந்த தண்ணீரை வேறு வழியில் கொடுக்காவிட்டால், அடுத்து வரும் கோடையில் அந்த மரம் உச்சியிலிருந்து காயத் தொடங்கும். குழாய் மாற்றியதற்கும் மரம் பட்டுப்போனதற்கும் தொடர்பு இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றாது.

புல்தரைத் தெளிப்பான்களை நீக்கிவிட்டுச் சொட்டுநீருக்கு மாறும்போதும் இதே ஆபத்து உண்டு. மரத்தின் உறிஞ்சு வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் 30 முதல் 60 செ.மீ. ஆழத்துக்குள், கிளைப்பரப்பின் விளிம்பையும் தாண்டிப் பரவியிருக்கும். அடிமரத்தை ஒட்டி இரண்டு சொட்டுவான்களை வைத்துவிட்டு மரத்துக்குப் பாசனம் செய்தாகிவிட்டது என்று குறித்துக்கொள்வது கணக்குக்கு நிற்காது. கிளைப்பரப்பின் ஆரம் 5 மீட்டர் என்றால் பரப்பு சுமார் 78.5 சதுர மீட்டர். நாளொன்றுக்கு ஆவியுயிர்ப்பு 5 மி.மீ., மரத்துக்கான காரணி 0.5 என்று கொண்டால் தேவை சுமார் 196 லிட்டர். மணிக்கு 4 லிட்டர் விடும் இரண்டு சொட்டுவான்கள் இதைத் தர ஒரு நாள் முழுவதும் ஓடினாலும் போதாது. 24 மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். அவை நனைப்பதோ அந்த 78.5 சதுர மீட்டரில் ஒரு மூலையை மட்டுமே. கிளைப்பரப்பு முழுவதிலும் வரிசை வரிசையாகச் சொட்டுக் குழாய்களை விரிப்பதும், பழைய தெளிப்பு முறையைப் படிப்படியாகக் குறைத்து ஓரிரு பருவங்கள் வேர்களுக்கு அவகாசம் கொடுப்பதுமே பொருத்தமான வழி.

பள்ளம் வெட்டுவதன் ஆபத்து இன்னும் நேரடியானது. அடிமர விட்டத்தைப்போல் 12 மடங்கு ஆரத்துக்குள் மண்ணைக் கலைக்கக் கூடாது என்பது மரப் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. 60 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு இது 7.2 மீட்டர். குழாய்க்கான பள்ளத்தின் ஆழமும் வேர்களின் ஆழமும் ஒன்றே என்பதால், மரத்தை ஒட்டி நேராக வெட்டப்படும் ஒரு பள்ளம் அந்தப் பக்கத்து வேர்களைக் கூண்டோடு அறுத்துவிடும். தப்பிக்க மூன்று வழிகள் உள்ளன: பாதையை வளைத்துக் கொண்டுபோவது, நிலத்தடியில் கிடைமட்டமாகத் துளையிட்டு வேர்களுக்குக் கீழே குழாயை இழுப்பது, உயர் அழுத்தக் காற்றை ஊதி மண்ணை மட்டும் விலக்கிவிட்டு வேர்களுக்கு இடையில் குழாயை நுழைப்பது. மூன்றுமே நேரம் பிடிப்பவை. 'ஒரு குழாய் பதிக்க இத்தனை மாதமா' என்ற கேள்விக்கான விடையில் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் திரும்பிப் பாயக் கூடாது

குடிநீர் இணைப்பிலிருந்து நீர் எடுக்கும் பூங்காவில் பின்னோட்டத் தடுப்புக் கட்டாயம். தெருக் குழாய் உடைந்தாலோ, தீயணைப்புக்காகப் பெருமளவு நீர் இழுக்கப்பட்டாலோ, அந்தக் குழாயில் அழுத்தம் விழுந்து பூங்காவின் நீர் பின்னோக்கி உறிஞ்சப்படலாம். அந்நேரம் ஒரு ரப்பர் குழாயின் முனை உரக் கரைசல் தொட்டிக்குள் கிடந்தால் நிகழக்கூடியதை விளக்க வேண்டியதில்லை. பழைய அமைப்புகள் பலவற்றில் இந்தத் தடுப்பு இருப்பதில்லை, அல்லது இருந்தும் சோதிக்கப்படுவதில்லை. வேறெந்தப் பணியைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடலாகாது.

சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீருக்கு மாறும்போது அதன் குழாய்கள் குடிநீர்க் குழாய்களோடு எங்கும் இணையாதபடி தனியே இருக்க வேண்டும். பல நாடுகளில் அவற்றுக்கு ஊதா நிறம் ஒதுக்கப்பட்டுள்ளது. இந்நீரில் உப்பு சற்று அதிகம் என்பதால், சொட்டுநீரில் நனையும் வட்டத்தின் விளிம்பில் அது படிந்துகொண்டே வரும். அவ்வப்போது மிகுதியாக நீர் விட்டு உப்பை வேருக்குக் கீழே தள்ள வேண்டும். அடைப்பைத் தவிர்க்கச் சொட்டுவான்களுக்குச் சுமார் 130 மைக்ரான் அளவுள்ள வடிகட்டியும் வேண்டும்.

தானியங்கிக் கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது?

வானிலையைப் பார்த்து நேரத்தை மாற்றும் கருவிகள் பயனுள்ளவையே. மழை பெய்துகொண்டிருக்கும்போது தெளிப்பான் ஓடும் காட்சியை அவை ஒழித்துவிடும். ஆனால் சீர்மை 0.5 ஆக உள்ள புல்தரையில் அத்தகைய கருவியைப் பொருத்தினால், அது தேவையைத் துல்லியமாகக் கணக்கிட்டு, அந்தத் துல்லியமான அளவைச் சீரற்ற முறையில் ஊற்றும். வறண்ட மூலை மேலும் காயும். தோட்டக்காரர் கருவியை அணைத்துவிட்டுப் பழையபடி கையால் திறப்பார். அவர்மீது குறை சொல்வதில் பொருளில்லை.

எனது கணிப்பில் இக்கருவிகளோடு வரும் உறுப்புகளில் மிக மதிப்புள்ளது ஓட்ட உணரியும், முதன்மைக் குழாயின் தொடக்கத்தில் அமையும் தலைமை வால்வும் சேர்ந்த இணை. ஒரு பிரிவு இயல்பாக எவ்வளவு நீர் எடுக்கும் என்பதை உணரி அறிந்துவைத்திருக்கும். குழாய் வெடித்து ஓட்டம் எகிறினால் தலைமை வால்வு தானே மூடும். அத்துடன், பாசனம் இல்லாத நேரத்தில் முதன்மைக் குழாயின் அழுத்தத்தையே நிறுத்திவைக்கவும் தலைமை வால்வு உதவும். இரவு பகலாக ஒழுகும் கசிவின் அடிப்படைக் காரணம் அதனால் நீங்குகிறது.

வேலையின் வரிசை

1. அளப்பது. குழாய்ப் பாதைகள், வால்வுகள், அழுத்தம், சீர்மை, கசிவு அனைத்தையும் பதிவு செய்வது. பழைய வரைபடத்தை அப்படியே நம்ப முடியாது. பெரும்பாலும் அது திட்டமிட்டதைக் காட்டுமே தவிரப் பதித்ததைக் காட்டாது.

2. நீர் ஆதாரம், பின்னோட்டத் தடுப்பு, வடிகட்டி, முதன்மைக் குழாய். பகுதி பகுதியாக நீரை அடைக்க உதவும் வால்வுகளும் இப்போதே இடம்பெற வேண்டும். இல்லையெனில் நாளை ஒரு பழுதுக்காகப் பூங்கா முழுவதும் தண்ணீரின்றி நிற்கும்.

3. பிரிவுகளை மறுபடி வகுப்பது. புல், புதர், மரம், நாற்று ஆகியவற்றின் தேவை வெவ்வேறு. வெயிலிலும் நிழலிலும் உள்ள ஒரே புல்லுக்குக்கூடத் தேவை மாறும். ஒரே வால்வில் இவற்றைக் கோத்துவைத்தால், எதற்காக நேரம் வைத்தாலும் இன்னொன்று கெடும்.

4. கிளைக் குழாய்கள், தெளிப்பான்கள், சொட்டுவான்கள்.

5. கடைசியாகக் கட்டுப்பாட்டுக் கருவி.

இரண்டாவது படி முடியும்வரை பார்வையாளருக்கு எந்த மாற்றமும் தெரியாது. தோண்டிய மண், மூடிய பாதை, காய்ந்த புல் ஆகியவையே தெரியும். எனவேதான் விரைவில் பலன் காட்ட விரும்பும் நிர்வாகங்கள் நான்கிலோ ஐந்திலோ தொடங்கிவிடுகின்றன. புது முனைகள் பழைய குழாயின் துருத் துகளால் ஒரு மாதத்தில் அடைபடும்போது குற்றம் முனைகளைச் செய்தவர்மேல் போகிறது.

அரிய செடிகள் உள்ள தாவரத் தோட்டங்களில் பழைய அமைப்பை ஒரே நாளில் நிறுத்த இயலாது. பழையதும் புதியதும் சில காலம் அருகருகே ஓட வேண்டும். இடைக்காலத்துக்குத் தரைமேல் தற்காலிகக் குழாய்கள் கிடக்கும். அவை அலங்கோலமாகத் தெரிவது உண்மைதான்.

பள்ளத்தை மூடும் முன்

புதுக் குழாயை முதலில் அலசி, பின் இயங்கு அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு அழுத்தத்தில் சோதித்து, அதன் பிறகே மண்ணால் மூட வேண்டும். வெட்டும்போது மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனிக் குவியலாக வைத்து, அதே வரிசையில் திருப்பிப் போடாவிட்டால், அந்தத் தடத்தில் புல் ஆண்டுக்கணக்கில் வெளிறிய கோடாகவே நிற்கும். ஏற்புச் சோதனையாக அதே பதினாறு டப்பாக்களை அதே இடங்களில் வைத்து, பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் உள்ள வேறுபாட்டைப் பணிநிறைவுச் சான்றில் எழுதச் சொல்வது, எந்த வாக்குறுதியையும்விட நம்பகமானது.

இன்னொரு சிறு வேலையும் இருக்கிறது. திறந்திருக்கும் பள்ளத்தின் ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு வால்வுப் பெட்டியிலும், அசையாத ஏதாவது ஒரு கட்டடத்திலிருந்தோ சுவரிலிருந்தோ அளவு நாடாவை இழுத்துப் பிடித்து, நாடாவின் எண் தெரியும்படி ஒரு படம் எடுத்துவைக்க வேண்டும். ஒரு பிரிவுக்கு அரை மணி நேரம் ஆகும். மண் மூடியபின் அதே வால்வைத் தேடிக் கண்டுபிடிக்க, கம்பியைத் தட்டிக்கொண்டும் ஊகித்துத் தோண்டிக்கொண்டும் இருவர் நாள் முழுவதும் அலைய நேரும்.